அஷ்டமி, நவமிக்கு ஒரு டெலஸ்கோப்: ஸ்கைவாட்சர் ஹெரிட்டேஜ் 130பி

பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாமல் கல்யாணப் போட்டோகிராபர் பிழைக்க முடியாது. வளர்பிறை முகூர்த்தம் என்றால் ஒரே நாளில் மூன்று மண்டபங்களுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். அஷ்டமி, நவமி வந்தால் வத்தலக்குண்டில் எங்கள் ஸ்டூடியோவுக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க மட்டும்தான் ஆள் வரும். அந்த இரண்டு நாளும் யாரும் தாலி கட்டுவதில்லை, நிச்சயம் செய்வதில்லை, புதுக்கடை திறப்பதுகூட இல்லை. நிலாவைப் படமெடுக்க ஆசைப்படுகிறவனுக்கு இதைவிட வசதி வேறு கிடையாது. டெலஸ்கோப்பில் நிலா மிக அழகாக விழுவதும் அதே இரண்டு நாளில்தான்.

காரணம் வெளிச்சம். பௌர்ணமியன்று சூரியன் நமக்கு முதுகுப் பக்கம் நின்று நிலாவின் முகத்தில் நேராக அடிக்கிறது. கேமரா மேல் மாட்டிய ஃபிளாஷை மாப்பிள்ளை முகத்தில் நேரே அடித்தால் மூக்கு, தாடை எல்லாம் தட்டையாகிவிடும் இல்லையா, அதேதான். நிழல் இல்லாத இடத்தில் பள்ளம் ஏது, மேடு ஏது? அஷ்டமியில் பக்கவாட்டு வெளிச்சம். பகலும் இரவும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில் சின்ன மேட்டுக்கும் நீளமான நிழல் விழுகிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் பௌர்ணமிக்கு வந்து பார்க்கிறோம் என்கிறார்கள். நான் அஷ்டமிக்கு வாருங்கள் என்றால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

நான் வானவியல் படித்தவனில்லை. லென்ஸ் தெரியும், வெளிச்சம் தெரியும். அந்தக் கண்ணோடுதான் இந்த டெலஸ்கோப்பைப் பற்றி எழுதுகிறேன். இதை வாங்கி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. ஆடியும் மார்கழியும் பார்த்தாகிவிட்டது.

டப்பாவில் வருவது ஒரு நியூட்டோனியன் குழாய், அதாவது லென்ஸுக்குப் பதில் கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் வகை. அடியில் 130 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழிக் கண்ணாடி, குவியத் தூரம் 650 மில்லிமீட்டர். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் ஒரு 650 மி.மீ. எஃப்/5 லென்ஸ் (650-ஐ 130-ஆல் வகுத்தால் 5; இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்). கேமரா கம்பெனிகளின் 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ் இங்கே பத்து லட்சத்தைத் தாண்டும். அதற்கு ஆட்டோஃபோக்கஸ் உண்டு, பறவை பறந்தால் பின்னாலேயே ஓடும், தூறலில் நனைந்தாலும் பிழைத்துக்கொள்ளும். இதில் அது எதுவும் கிடையாது. எல்லாம் கைவேலை. விலை கடைக்குக் கடை மாறுகிறது, அதனால் எண் சொல்லவில்லை. என் போர்ட்ரெயிட் லென்ஸுக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் சின்னத் தொகைதான்.

முழுக் குழாய் என்றும் சொல்ல முடியாது. மேல் பாதி இரண்டு கம்பிகளில் ஏறி இறங்கும். இறக்கிவிட்டால் மாருதி காரின் டிக்கியில் லைட் ஸ்டாண்டுகளுக்கு நடுவே இடம் கிடைக்கிறது. மொத்த எடை ஆறு கிலோ சொச்சம், ஒரு கையில் தூக்கி மாடி ஏறலாம். கூடவே கண் வைத்துப் பார்க்கும் 25 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ்கள் இரண்டும், குறி பார்க்க ஒரு சிவப்புப் புள்ளி ஃபைண்டரும் வருகின்றன. 25-இல் 26 மடங்கு, 10-இல் 65 மடங்கு பெரிதாகத் தெரியும். அடிப்பகுதி ஒற்றைக் கையோடு நிற்கும் பலகை மேடை. இடம் வலம், மேல் கீழ் எல்லாம் கையால் தள்ளுவதுதான். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை, ஆப் இல்லை.

இந்த வகை மேடைக்கு டாப்சோனியன் என்று பெயர். ஜான் டாப்சன் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர், ராமகிருஷ்ணர் வழி. கையில் காசில்லாமல் பழைய கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து டெலஸ்கோப் செய்து, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார். மடத்து வேலையை விட்டுவிட்டு இதிலேயே கிடக்கிறார் என்று 1967-இல் வெளியே அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷமே நடைபாதையில் வானம் காட்டுகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். தன் மேடை அமைப்புக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை, அதனால்தான் இன்று எந்தக் கம்பெனியும் இதைச் செய்து விற்க முடிகிறது. மலிவு விலைக்குப் பின்னால் ஒரு சாமியார் இருக்கிறார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

சரி, படத்துக்கு வருவோம்.

முதலில் போன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அதில்தான் ஆரம்பிப்பீர்கள். ஐபீஸில் மாட்டும் போன் ஹோல்டர் தனியாக வாங்க வேண்டும். நான் வாங்கிய கடையில் 'எல்லா போனுக்கும் பொருந்தும்' என்று சொல்லி ஒன்றைத் தலையில் கட்டினார்கள். பின்பக்கம் மூன்று லென்ஸ் புடைத்துக்கொண்டிருக்கும் என் போனில் அது உட்காரவே இல்லை. திருப்பி அனுப்பக் கேட்டால் பதிலும் இல்லை. வாங்கும்போது போனையும் கையில் கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். மாட்டிய பிறகு மெயின் லென்ஸிலேயே பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் போன் தானாக வேறு லென்ஸுக்குத் தாவி நிலாவைத் தொலைத்துவிடும். வெளிச்ச அளவையும் விரலால் இறக்கிப் பூட்ட வேண்டும். போன் தன் இஷ்டத்துக்கு எடுத்தால் சுற்றியிருக்கும் கறுப்பைப் பார்த்து ஏமாந்து நிலாவை வெள்ளைத் தட்டாக்கிவிடும். 25 மி.மீ. ஐபீஸில் முழு நிலாவும் சுகமாக அடங்கும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு இது தாராளம்.

கேமராவை நேராக மாட்டுவதுதான் ருசி. என்னிடம் இருப்பது சோனி ஏ6400, 24 மெகாபிக்சல் மிரர்லெஸ், 400 கிராம்தான். பழைய டிஎஸ்எல்ஆர் பாடியை இதில் தொங்கவிடாதீர்கள், குழாய் மூக்கு குத்திக் கீழே சாயும். ஐபீஸ் போகும் ஒன்றேகால் இஞ்ச் ஓட்டையில் கேமராவைச் சொருக ஒரு அடாப்டர் வேண்டும். அப்புறம் எல்லாருக்கும் வரும் சந்தேகம்: கேமராவை மாட்டினால் ஃபோக்கஸ் வருமா? பல சின்ன நியூட்டோனியன்களில் வராது. பிம்பம் விழும் இடம் சென்சாருக்கு எட்டாமல் குழாய்ப் பக்கமே நின்றுவிடும். இதில் கம்பிகள் ஏறி இறங்குவது அங்கேதான் கைகொடுக்கிறது. மேல் பாதியைக் கடைசிவரை இழுக்காமல் இரண்டு மூன்று விரற்கடை குறைவாக நிறுத்தி இறுக்கினால் பிம்பம் வெளியே வந்து சென்சாரில் உட்கார்ந்துவிடும். வேறு டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள் அடிக் கண்ணாடியையே மேலே தூக்கிவைத்துப் போராடுகிறார்கள்.

650 மி.மீ. குவியத் தூரத்தில் நிலா சென்சாரில் விழும் அளவு ஏறக்குறைய 6 மி.மீ. என் கேமராவின் சென்சார் அகலம் 23.5 மி.மீ. அதாவது நிலா நடுவில் பொட்டாக இருக்கும், ஆனால் அந்தப் பொட்டுக்குள் குறுக்கே 1,500 பிக்சல் இருக்கிறது. வெட்டி எடுத்து ஏ4 அளவில் பிரிண்ட் போட்டேன், நன்றாகவே வந்தது. 2 மடங்கு பார்லோ லென்ஸ் ஒன்றை நடுவில் சொருகினால் நிலா 12 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாகவே விரிந்து, சென்சாரின் 15.6 மி.மீ. உயரத்தை ஏறக்குறைய நிரப்பும். பார்லோ தனியாக வாங்க வேண்டியதுதான். இந்த டெலஸ்கோப்போடு வாங்க வேண்டிய முதல் சாமான் எது என்று கேட்டால் போன் ஹோல்டர் இல்லை, இதுதான்.

எக்ஸ்போஷருக்குப் பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு ஒன்று உண்டு. முழு நிலாவுக்கு எஃப்/11, ஷட்டர் ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் திறன்) எண்ணின் தலைகீழ், அதாவது 100 என்றால் 1/100 செகண்ட். நிலாவும் வெயிலில் காயும் பாறைதானே, அதனால் பகல் வெளிச்சக் கணக்குதான். எஃப்/5-இல் ஐ.எஸ்.ஓ. 100 வைத்தால் பௌர்ணமிக்கு 1/500 வரும். அஷ்டமி நிலா அதைவிட மங்கல். 1/125-இல் ஆரம்பித்து, இருள் ஓரம் எவ்வளவு வேண்டும் என்பதைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கிறேன். பார்லோ போட்டால் எஃப்/10 ஆகிவிடும், ஐ.எஸ்.ஓ.-வை 400-க்கு ஏற்றி அதே ஷட்டரை வைத்துக்கொள்ளலாம். கேமராவைக் கையால் அமுக்கக் கூடாது. 2 செகண்ட் டைமர், எலெக்ட்ரானிக் ஷட்டர், இரண்டும் போட்டால் அதிர்வு போய்விடும். ஃபோக்கஸுக்கு லைவ் வியூவில் பெரிதாக்கி, ஏதாவது ஒரு பள்ளத்தின் விளிம்பைப் பார்த்துத் திருகுங்கள்.

திருகுவது என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இதன் ஃபோக்கசர் மரை போட்ட திருகு வகை, விலையைக் கட்டுக்குள் வைக்கச் செய்த ஏற்பாடு. சுற்றினால் கேமராவும் கூடவே சுற்றும். நிலா குறுக்கே படுத்திருந்தது ஃபோக்கஸ் ஆனபோது நெட்டுக்குத்தாக நிற்கும். கேமராவைப் பிடிக்கும் ஸ்குருவைத் தளர்த்தி மறுபடி நேராக்கிக்கொள்ள வேண்டும். மரையில் லேசான ஆட்டம் தெரிந்தால், பிளம்பர்கள் குழாயில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். இந்த மாடல் வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்கச் செய்யும் வைத்தியம் இது, பத்து ரூபாய் சமாச்சாரம்.

ஒற்றைப் படத்தோடு நிறுத்திவிட்டால் டெலஸ்கோப்பின் பாதித் திறமையைத்தான் பார்க்கிறீர்கள். காற்று எப்போதும் நெளிந்துகொண்டே இருக்கிறது. ஒரு படத்தில் கூர்மையாக விழுந்த பள்ளம் அடுத்ததில் மங்கலாக இருக்கும். அதனால் தொடர்ச்சியாக நூறு, இருநூறு படம் எடுத்துத் தள்ள வேண்டும். அப்புறம் கம்ப்யூட்டரில் பிப் என்ற மென்பொருள் நிலாவை நடுவில் வைத்து வெட்டித் தரும். ஆட்டோஸ்டாக்கெர்ட் அவற்றில் நல்லதை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். ரெஜிஸ்டாக்ஸ் கூர்மையைக் கூட்டும். மூன்றும் இலவசம், விண்டோஸில் ஓடும். கடைசிப் படிதான் ஆபத்து. கல்யாணப் படத்தில் முகத்தை மெழுகாக்கும் ஆட்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள், நிலாவைக் கல்லாக்கும் ஆட்கள் இதில் இருக்கிறார்கள். பள்ளத்தின் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிய ஆரம்பித்தால் கையை எடுத்துவிடுங்கள்.

என்னென்ன கிடைக்கும்? வளர்பிறை அஷ்டமி மாலையில் நிலா நம் ஊரில் ஏறக்குறைய உச்சியிலேயே இருக்கும். தடிமனான காற்றைக் கடக்க வேண்டியதில்லை, அதனால் பிம்பம் தெளிவு. அன்றைக்கு இருளின் ஓரத்தில் அப்பினைன் மலைத்தொடர் வளைந்து நிற்கும். அதில் 5 கி.மீ.க்கு மேல் உயர்ந்த சிகரம் உண்டு, இந்த மலைத்தொடரின் அடிவாரத்தில்தான் 1971-இல் அப்பல்லோ 15 இறங்கியது. தெற்கே டாலமேயஸ், அல்போன்சஸ், அர்சாக்கல் என்று மூன்று பெரிய பள்ளங்கள் வரிசையாக. வடக்கே பிளேட்டோ, 100 கி.மீ. அகலம், தரை கறுப்பாக வழவழவென்று இருக்கும். அந்தத் தரையிலும் குட்டிப் பள்ளங்கள் உண்டு, அவை என் படங்களில் விழவில்லை. நவமியன்று கோபர்னிக்கஸ் வெளிச்சத்துக்கு வந்துவிடும். 93 கி.மீ. அகலம், கிட்டத்தட்ட 4 கி.மீ. ஆழம், சுவரில் படிப்படியாகச் சரிவு, நடுவில் சிகரங்கள். தெற்கில் கிளேவியஸ், அதற்குள்ளே பெரிதிலிருந்து சின்னதாக வில் போல் அடுக்கிய பள்ளங்கள். பார்லோவோடு இந்த இரண்டையும் எடுத்தபோதுதான் கொடுத்த காசு வசூலானது என்று தோன்றியது.

எனக்கு மிகவும் பிடித்தது 'நேர்ச் சுவர்'. நிலவரைபடத்தில் ரூப்பெஸ் ரெக்டா என்று இருக்கும். 110 கி.மீ. நீளத்துக்குத் தரை ஒரு பக்கம் இறங்கிப்போன இடம், உயரம் சில நூறு மீட்டர்தான். வளர்பிறை அஷ்டமி, நவமி வாக்கில் மறுபக்கம் நிழல் விழுந்து பேனாவால் இழுத்த கறுப்புக் கோடாகத் தெரியும். தேய்பிறையில் வெளிச்சம் எதிர்ப்பக்கமிருந்து வருவதால் அதே இடம் வெள்ளைக் கோடு. ஒரே இடத்தை இரண்டு அஷ்டமியிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எந்த லைட்டிங் வகுப்பும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித்தராது. தேய்பிறை அஷ்டமி நிலா நள்ளிரவில்தான் எழும், விடியற்காலை உச்சிக்கு வரும். மூன்று மணிக்கு எழுந்து மண்டபத்துக்கு ஓடிப் பழகிய உடம்புக்கு இது ஒரு கஷ்டமில்லை.

'விக்ரம் தெரியுதா?' இந்தக் கேள்வி வராத நாளில்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3-இன் விக்ரம் லேண்டர் நிலாவில் இறங்கியபோது திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று ஊரே கொண்டாடியது, அதனால் கேட்பதில் தப்பில்லை. 130 மி.மீ. கண்ணாடி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சின்ன அளவு நிலாவில் ஒன்றரை கி.மீ.க்கு மேல். லேண்டரோ இரண்டு மீட்டர் அகலம்தான். இறங்கிய இடம் தெற்கே கிட்டத்தட்ட 69 பாகையில், பள்ளங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் பகுதி. அந்த வட்டாரத்தைத்தான் விரல் வைத்துக் காட்ட முடியும். பக்கத்து வீட்டுப் பாட்டி இந்தக் கணக்கையெல்லாம் கேட்கவில்லை. ஐபீஸில் கண்ணை வைத்தவர், "ஏப்பா, நிலாவுக்கு அம்மை போட்டு ஆறுன மூஞ்சில்ல இருக்கு, இதையா இவ்வளவு நாளா அழகுன்னு சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

ஆல்பம் டிசைன் செய்யும் தம்பி வேறு மாதிரி. அவன் வழக்கமாக இணையத்திலிருந்து எடுத்த பெரிய மஞ்சள் பௌர்ணமியை ஜோடிக்குப் பின்னால் ஒட்டுவான். நம்ம சொந்த நிலாவைப் போடேன் என்று கொடுத்தேன். "அண்ணே, அரை நிலாவ எங்கண்ணே ஒட்டுறது? அதுவும் அஷ்டமின்னு பொண்ணு வீட்ல தெரிஞ்சா மிச்சக் காச யாரு குடுப்பா?" என்றான். நியாயமான பேச்சு.

மொட்டை மாடியைப் பற்றிச் சொல்லாமல் இந்த விமர்சனம் முடியாது. சித்திரை, வைகாசியில் காங்கிரீட் பகலில் குடித்த சூட்டை இரவு பத்து வரைக்கும் கக்கிக்கொண்டிருக்கும். அந்த அனலில் நிலா தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளியும், எந்த டெலஸ்கோப்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. சாயங்காலமே தரையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, டெலஸ்கோப்பையும் ஒரு மணி நேரம் முன்னாலேயே வெளியே வைத்தால் கண்ணாடியும் காற்றும் ஒரே சூட்டுக்கு வரும். ஆடியில் எடுக்கவே எடுக்காதீர்கள். எங்கள் பக்கம் மலையிலிருந்து இறங்கும் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, ஆறு கிலோ டெலஸ்கோப் கட்டாயம் ஆடும். பாதி நாள் மேகம் வேறு. மார்கழிதான் உத்தமம். மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டதாக இருக்கும், முகூர்த்தமும் கிடையாது. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே ஓடும் ஜெட் காற்று நம்மை எட்டுவதும் குறைவு, பிம்பம் ஆடாமல் நிற்கிறது. பனி மட்டும் தொந்தரவு. திறந்த குழாய் என்பதால் மேலே இருக்கும் சின்னக் கண்ணாடியில் படியும். மேக்கப் அக்காவிடம் ஹேர் டிரையர் கடன் வாங்கி, தூரத்திலிருந்து லேசாகக் காட்டினால் போய்விடும்.

திறந்த குழாயில் இன்னொரு சிக்கல், பக்கவாட்டு வெளிச்சம். எங்கள் தெருவில் எல்.இ.டி. விளக்கு மாட்டியதிலிருந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெள்ளை வெளிச்சம் வருகிறது. இரண்டு கம்பிகளைச் சுற்றிக் கறுப்புச் சார்ட் பேப்பரைச் சுருட்டிக் கட்டினால் படத்தில் கான்ட்ராஸ்ட் பளிச்சென்று ஏறுவதைப் பார்க்கலாம். ஸ்டூடியோ கறுப்புத் துணியும் வேலை செய்யும், ஆனால் அது தொய்ந்து உள்ளே விழுந்து வெளிச்சப் பாதையை மறைக்கிறது. பேப்பரே மேல்.

கண்ணாடிகளை நேர்படுத்துவதைப் பற்றிப் பயமுறுத்துவார்கள். அடியில் ஸ்குருக்கள் இருக்கின்றன, ஐந்து நிமிட வேலை. கூரியரில் வந்தால் முதல் நாளே சரிபார்த்துவிடுங்கள். கண்ணாடியைத் துணியால் துடைக்க மட்டும் கூடாது. மழைக்காலத்தில் லென்ஸ் வைக்கும் பெட்டிபோல் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கள், பூஞ்சை லென்ஸையும் கண்ணாடியையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

இனி இதால் ஆகாதவை. வானம் நகர்ந்துகொண்டே இருக்கிறது, நிலா தன் அகலத்தளவு தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 2 நிமிடம்தான். 65 மடங்கில் பார்த்தால் எதுவும் மூன்று நிமிடத்தில் ஓரத்துக்குப் போய்விடும். நிலாவுக்கு ஷட்டர் வேகம் இருப்பதால் இது பிரச்சினையில்லை, தள்ளித் தள்ளி எடுக்கலாம். நெபுலா என்கிற விண்வெளி வாயு மேகங்களுக்கும் காலக்ஸிக்கும் பல நிமிடம் ஒளி வேண்டும். நேராகக் கேமரா மாட்டி ஒரு செகண்ட் திறந்தாலே என் சென்சாரில் நட்சத்திரம் 12 பிக்சல் இழுபடுகிறது. ஓரியன் நெபுலாவை ஐ.எஸ்.ஓ. 6400, கால் செகண்ட் என்று நூற்றுக்கணக்கில் எடுத்து அடுக்கிப் பார்த்தேன். நடுப்பகுதியும் கொஞ்சம் நிறமும் வந்தது, இறக்கைபோல் விரியும் ஓரங்கள் வரவில்லை. கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் ப்ரீ-வெட்டிங் ஷூட்டுக்குப் போனபோது இதையும் டிக்கியில் போட்டுக்கொண்டு போனேன். அந்த இருட்டில் கண்ணால் பார்க்க இது சொர்க்கம். படத்துக்கு என்றால் அங்கே சாதாரண வைட் லென்ஸும் ட்ரைபாடும் பால்வெளியை இதைவிட நன்றாக எடுத்தன.

நெபுலாதான் உங்கள் ஆசை என்றால் இதை வாங்காதீர்கள். சீஸ்டார் எஸ்50 மாதிரி தானாகவே வானத்தைப் பின்தொடரும் குட்டிப் பெட்டிகள் வந்துவிட்டன. 50 மி.மீ. லென்ஸ், 250 மி.மீ. குவியத் தூரம், போனில் தொட்டால் போதும், அதுவே தேடி, அதுவே அடுக்கித் தரும். ஆனால் அதில் நிலா குறுக்கே 800 பிக்சல்கூட வராது, 50 மி.மீ. லென்ஸுக்கு நேர்ச் சுவர் போன்ற நுணுக்கங்கள் சிரமம். ஐபீஸில் கண் வைத்துப் பார்ப்பதும் கிடையாது, பாட்டி திரையைத்தான் பார்க்க வேண்டும்.

கிரகங்கள் நடுத்தரம். 2026 ஜனவரி 10-ஐ ஒட்டி வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வந்து பெரிதாக இருந்தது. பார்லோவோடு வீடியோ எடுத்து அடுக்கியதில் இரண்டு பட்டைகளும் நான்கு துணைக்கோள்களும் சுத்தமாக விழுந்தன. வட்டு எழுபது பிக்சல் சொச்சம்தான், பிரிண்ட் போடும் அளவில்லை. சனியின் வளையம் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பு காட்டித் திரும்பியது, அந்த வருஷம் மெல்லிய ஊசியாகத்தான் இருந்தது. வருஷம் போகப் போக அகலும்.

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு வந்த முழுச் சந்திர கிரகணத்தில் இந்தக் குழாய் தன் எஃப்/5-இன் மதிப்பைக் காட்டியது. இரவு 11 மணியிலிருந்து 82 நிமிடம் நிலா முழுதாக மறைந்து செம்பு நிறத்தில் இருந்தது. கிரகண நிலா எவ்வளவு மங்கல் என்பது கேமராவைக் கேட்டால்தான் தெரியும். 1/500-இல் எடுத்த நிலாவுக்கு ஐ.எஸ்.ஓ. 6400 ஏற்றியும் கால் செகண்ட் தேவைப்பட்டது. மோட்டார் இல்லாததால் அதற்குமேல் திறக்க முடியாது. எஃப்/10 குழாயாக இருந்திருந்தால் நிறமே வந்திருக்காது. பல படங்களை அடுக்கிய பிறகு ஓரத்தில் நீலச் சாயல்கூடத் தெரிந்தது. மேகம் நடுநடுவே வந்து போனது, அதற்குக் கம்பெனி பொறுப்பில்லை.

சூரியனைப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: குழாயின் வாயை முழுதாக மூடும் சூரிய ஃபில்டர் இல்லாமல் அந்தப் பக்கம் திருப்பவே திருப்பாதீர்கள். கண் போய்விடும், சென்சாரும் போய்விடும். பகலில் இதை மாடியில் திறந்து வைத்துவிட்டுக் காப்பி குடிக்கவும் போகாதீர்கள், வெயில் கண்ணாடியில் விழுந்து குவிகிற இடத்தில் எதையாவது பொசுக்கும். எங்கள் தலைக்கு மேலே கொடைக்கானலில் 1899-இல் தொடங்கிய ஆய்வகம் நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறது, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, மேசை. இது மேசை டாப்சோனியன், தரையில் வைத்தால் முழங்காலிட்டுத்தான் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் ஸ்டூல் ஆடும். தண்ணீர்த் தொட்டி மேடையில் வைத்தால் மோட்டார் ஓடும்போது நிலாவும் ஓடும். வெல்டிங் பட்டறையில் இரும்பு ஸ்டூல் ஒன்று செய்யக் கொடுங்கள், இடுப்பு உயரம், மேலே பலகை. கொடுக்கும்போது மூன்று கால் என்று இரண்டு தடவை சொல்லுங்கள். நாலு கால் போட்டால்தான் அழகு என்பார்கள். மழைத்தண்ணீர் ஓட மொட்டை மாடிக்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள், அதில் நாலு கால் ஸ்டூல் எங்கே வைத்தாலும் ஒரு கால் தூக்கிக்கொண்டுதான் நிற்கும்.